மூன்று கோழி முப்பதைத் தாண்டாமல் இருக்க

வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி விடலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே விஷயம்: எந்த ரகம் வாங்கலாம், என்ன தீனி போடுவது, கூட்டுக்கு எவ்வளவு செலவாகும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அடுத்த வருஷம் இதே மாசம் உங்கள் கூட்டில் எத்தனை உருப்படி இருக்கும்? "நாலுதான்" என்பார்கள். இருக்காது. ஒன்று, இருபதைத் தாண்டியிருக்கும். இல்லை, ஒரே சீக்கில் எல்லாம் போயிருக்கும். எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யாமல் பெருக விட்டால் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில், வடமதுரைக்கும் அய்யலூருக்கும் நடுவில். வீட்டுக்குப் பின்னால் ஏழு சென்ட் காலி இடம், ஒரு முருங்கை, ஒரு புளியமரம், மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர். பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கட்டும் என்று சிறுவிடை எனும் சின்ன நாட்டுக்கோழி ரகத்தில் மூன்று பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி ஆரம்பித்தது. இன்றைக்குக் கூட்டம் முப்பதை ஒட்டியே நிற்கிறது, மேலே போக விடுவதில்லை. இடத்தையும் தீனியையும் பார்த்து நானே வைத்த எண் அது. அப்படி ஓர் எண்ணை எப்படி வைப்பது, வைத்த எண்ணில் எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோழி பெருகும் கணக்கு

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை இடும், அப்புறம் அடைக்குப் படுக்கும். குஞ்சு பொரித்து, அதை வளர்த்து விட்டு, மறுபடி முட்டைக்கு வரும். வருஷத்துக்கு மூன்று சுற்று, நன்றாகக் கவனித்தால் நாலு. மொத்தமாக 36 முதல் 60 முட்டை வரை வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

12 முட்டை வைத்தால் 9 அல்லது 10 பொரிக்கும். காக்காய், பருந்து, கீரி, சீக்கு எல்லாம் தாண்டி அதில் பாதி தேறினால்கூட 5. மூன்று பெட்டை, மூன்று சுற்று, சுற்றுக்கு 5 என்றால் வருஷத்துக்கு 45. இதில் முதல் சுற்றில் வந்த விடைக்கோழிகள், அதாவது இளம் பெட்டைகள், ஆறேழு மாதத்தில் தாங்களே முட்டையிட ஆரம்பித்துவிடும் என்பதை இன்னும் சேர்க்கவில்லை. நாம் குஞ்சுகளை மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைச் சரியாகக் கவிழ்த்து, தடுப்பூசியும் போட்டு, பாதிக்குப் பதில் முக்கால்வாசியைத் தேற்றினால் கணக்கு இன்னும் ஏறும். நன்றாக வளர்க்கிறவர் வீட்டில்தான் கூட்டம் கைமீறும். அதனால்தான் வளர்க்கக் கற்றுக்கொள்ளும்போதே நிறுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

கேட்காமல் வரும் கோழிகள்

நீங்கள் அடை வைத்துப் பொரித்தவை மட்டும் கூட்டத்தில் சேர்வதில்லை. வேறு வாசல்களும் உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வாசல் கள்ள முட்டை. கூட்டில் இடப் பிடிக்காத கோழி வைக்கோல் போருக்கு அடியிலோ, விறகு அடுக்குக்குப் பின்னாலோ, கத்தாழைப் புதரிலோ ஓர் இடம் பார்த்து வைத்து அங்கேயே இட்டு வரும். நமக்கு முட்டை குறைகிறது என்று மட்டும் தெரியும். அப்புறம் ஒருநாள் கோழியையே காணோம் என்றாகும். கீரி பிடித்திருக்கும் என்று விட்டுவிடுவோம். மூன்று வாரம் கழித்துப் பத்துக் குஞ்சோடு வாசலில் வந்து நிற்கும்.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. முட்டையிடப் போகும் கோழி காலையில் கேறித் திரியும். மூலை மூலையாக எட்டிப் பார்க்கும். கூட்டில் ஏறி உட்காராமல் கேறிக்கொண்டே எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பின்னாலேயே போகாதீர்கள், நின்றுவிடும். தூர இருந்து பார்த்தால் போதும். ஏற்கெனவே அடையில் உட்கார்ந்துவிட்ட கோழி என்றால் அடையாளம் வேறு. நாளுக்கு ஒரு தடவைதான் வெளியே வரும். உடம்புச் சிறகை உப்பிக்கொண்டு, கொக் கொக்கென்று ஒரே சுருதியில் கத்திக்கொண்டு, மற்ற கோழிகளைக் கொத்தி விரட்டி அவசர அவசரமாகத் தின்னும். எச்சம் கட்டியாக, பெரிதாக, நாற்றமாக இருக்கும். கால் மணி நேரத்தில் திரும்பி ஓடும். அந்த ஓட்டத்தில் இடம் தெரிந்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடித்தால் எல்லா முட்டையையும் ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது. கோழி அந்த இடத்தை விட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். கரியால் சுற்றிலும் கோடு போட்ட ஒரே ஒரு முட்டையை அங்கே விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். மறுநாள் கோடு இல்லாத முட்டைதான் புது முட்டை. கோடு போட்டதை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், வெயில் காலத்தில் கெட்டு வெடிக்கும்.

இன்னொரு வாசல் சொந்தபந்தம். நாத்தனார் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், இரண்டு விடைக்கோழியைக் காலைக் கட்டிக் கையில் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். வாங்கி வந்து குறைந்தது இரண்டு வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். கூட்டில் நேராகச் சேர்த்தால் அந்த ஊர்ச் சீக்கும் சேர்ந்தே வரும்.

அப்புறம் சாயக் குஞ்சு. வண்டியில் கூடை கட்டிக்கொண்டு பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கொண்டு வருவார்கள். பிள்ளைகள் விட மாட்டார்கள். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் தேவையில்லை என்று கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள்தான் பெரும்பாலும் இப்படி வருகின்றன. முட்டைக்கு ஆகாது, கறிக்கும் லேசில் தேறாது. தாய் இல்லாததால் வெதுவெதுப்புக்கு பல்பு போட்டு நாம்தான் காபந்து பண்ண வேண்டும். எங்கள் சின்னவன் அழுதாலும் இதை நான் வாங்கித் தருவதில்லை.

கடைசியாக நேர்ந்துவிட்ட சேவல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கருப்பணசாமிக்கு ஒரு சேவல் என்று மாமியார் சொல்லிவிடுவார். அந்தச் சேவலை விற்க முடியாது, அடித்துச் சாப்பிட முடியாது, பொங்கல் வைக்கும் நாள் வரும்வரை தின்றுகொண்டு கூட்டில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்றிரண்டு அப்படி இருக்கும். இது குறையாக நான் நினைக்கிற விஷயம் இல்லை. எண்ணும்போது அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவில் எத்தனை அடையும்

எண்ணைப் பகலில் வைத்து முடிவு செய்யாதீர்கள். பகலில் ஏழு சென்டில் ஐம்பது கோழி மேய்ந்தாலும் கூட்டமாகத் தெரியாது. பொழுது சாய்ந்து கோழி அடையும் நேரத்தில் கூட்டுக்கு முன்னால் நின்று பாருங்கள், அப்போது தெரியும்.

வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரவில் தங்க 2 சதுர அடி வையுங்கள். ஒன்றரையிலும் சமாளிக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் ஈரம் கட்டி நாற்றம் எடுக்கும். 6 அடிக்கு 5 அடி கூடு என்றால் 15 கோழி. எங்கள் கூடு 10 அடிக்கு 6 அடி, அதனால்தான் முப்பது. தரையிலிருந்து இரண்டு அடி உயர்த்திக் கட்டினால் கீரியும் பெருச்சாளியும் அடியில் தோண்டி வராது. உள்ளே உட்கார மூங்கில் கழி போட்டால் கோழிக்கு 8 அங்குலம் என்று அளந்து போடுங்கள். இடம் போதாவிட்டால் சின்னதுகள் கீழே இறங்கி எச்சத்தில் படுக்கும். எச்சத்தில் படுத்தது முதலில் சீக்கில் விழும்.

கூட்டில் இடம் இல்லாத கோழி முருங்கையில் ஏறும். நாலைந்து மரத்தில் அடைய ஆரம்பித்துவிட்டால் அதுதான் உங்கள் எண் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். மரத்தில் அடையும் கோழிக்குத் தடுப்பூசி போடப் பிடிக்க முடியாது, முட்டையும் புதரில்தான் இடும், கள்ள அடையும் அதுதான் படுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றாக வரும்.

தீனிக்கும் ஒரு கணக்கு. பெரிய கோழி நாளுக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். முப்பது கோழிக்கு மூன்று கிலோ, மாதம் 90 கிலோ. புழு, கரையான், புல், சிந்திய தானியம் என்று மேய்ச்சலில் பாதி கிடைக்கும் என்று வைத்தாலும் 45 கிலோ கைக்காசு. கம்பு, சோளம், குருணை, தவிடு என்று நீங்கள் எதைப் போட்டாலும் இந்த எடை குறையாது. எங்களுக்குத் தண்ணீரில் மிதந்து வளரும் பசுந்தீவனமான அசோலாத் தொட்டியும், பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் ஈரமாகத் திணித்துக் கவிழ்த்து வைத்துக் கரையான் எடுப்பதும் கைகொடுக்கிறது. கரையான் குஞ்சுகளுக்கு ரொம்ப நல்லது. மேய்ச்சல் நிலம் இல்லாத டவுன் வீடு என்றால் முழு 90 கிலோவையும் வாங்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே அடை

கூட்டத்தைக் கைக்குள் வைத்திருப்பது முழுக்க இங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரு கோழிதான் அடையில் இருக்கும். மற்றது படுத்தால் எழுப்பிவிடுவோம்.

"அடைக்குப் படுத்ததை எழுப்பினா பாவம்மா" என்று மாமியார் இன்னும் சொல்வார். "பாவம்தான் அத்தை, ஆனா பொறக்கிற குஞ்சுக்குக் கூட்டுல இடம் இல்லையே" என்பேன். சரி என்று விட்டுவிடுவார், ஆனாலும் முகம் சுளிப்பார்.

எழுப்புவதில் பழைய வழிகள் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகி விடுவார்கள். இரண்டும் வேண்டாம். இறகு செருகினால் மூக்கு புண்ணாகும், மூச்சுக்குத் தவிக்கும். அடைச் சூடு அடி வயிற்றில்தான் இருக்கிறது, அங்கே காற்றுப் பட்டால் போதும். அடிப்பக்கம் கம்பி வலை போட்ட ஒரு கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, தீனி தண்ணீர் வைத்து, நிழலில் மூன்று நாலு நாள் விடுங்கள். வைக்கோலோ சாக்கோ உள்ளே போடக் கூடாது. உப்பிய சிறகு அடங்கி, கொக் கொக் நின்று, சாதாரணமாக மேயப் பார்த்தால் திறந்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். வீட்டுக்கு முட்டைதான் வேண்டும், குஞ்சு வேண்டாம் என்பவர்களுக்கு இதனால் லாபமே.

முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். டவுனில் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் சேவலை இன்றைக்குப் பிரித்தால் நாளைக்கே கரு நின்றுவிடாது. இரண்டு வாரத்துக்கு மேலும் கருக்கூடிய முட்டை வரலாம். மூன்று வாரம் கழிந்த முட்டையைத்தான் நம்பலாம்.

சரி, ஒரு கோழியை அடை வைப்பது என்று முடிவாகிவிட்டது. எத்தனை முட்டை? ஒற்றைப்படையில் 9, 11, 13 என்று வைப்பது வழக்கம். சிறுவிடை 13 வரை அணைக்கும். ஆனால் கோழி எத்தனை அணைக்கும் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆறு மாதம் கழித்துக் கூட்டில் எத்தனைக்கு இடம் இருக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எனக்கு ஆறு கோழிக்குத்தான் இடம் என்றால் 9 முட்டைக்கு மேல் வைப்பதில்லை.

ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக எடுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி, மண்பானையில் கேழ்வரகுக்குள்ளோ மணலிலோ, குளிர்ச்சியான மூலையில் வைத்திருந்தது நல்லது. சித்திரை வெயிலில் வெளியே கிடந்த முட்டை வேண்டாம். அந்தச் சூட்டிலேயே கரு கொஞ்சம் கிளம்பி அப்புறம் செத்துப்போகும். ஓடு மொழுமொழுவென்று, நடுத்தர அளவில் இருக்க வேண்டும். அடைக்கூடையில் கொஞ்சம் மணல், மேலே வைக்கோல், கூடவே ஒரு கை நொச்சி இலை. நொச்சி இருந்தால் பேன் அண்டாது. இடி இடித்தால் முட்டை கலங்கும் என்று ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்புத் துண்டும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், மாமியார் போட்டுவிடுவார். கோழியை இரவில் உட்கார வையுங்கள், பகலில் வைத்தால் எழுந்து ஓடும்.

ஏழாம் நாள் இரவு முட்டையைப் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளோடு செய்யுங்கள், அவர்கள் மறக்கவே மாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சின் மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக வைத்து, அந்த வளையத்தில் முட்டையின் அகன்ற முனையை உட்கார வையுங்கள். கரு கூடியிருந்தால் முட்டை இளஞ்சிவப்பாக ஒளிரும். உள்ளே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லிசாகச் சிவப்பு நரம்பு ஓடும். கொஞ்சம் பொறுமையாக அசையாமல் பிடித்தால் அந்தப் புள்ளி அசைவது தெரியும். நரம்பே இல்லாமல் வெறும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தால் கரு கூடவில்லை. நரம்பு கலைந்து ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றால் கரு செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கூமுட்டையாகி உடைந்து நல்ல முட்டையையும் கெடுக்கும். எல்லாம் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்து முட்டை கோழிக்கு அடியில் போய்விட வேண்டும்.

18ஆம் நாளுக்குப் பிறகு தொடக்கூடாது. 21ஆம் நாள் பொரிக்கும். ஒன்றிரண்டு ஒருநாள் தள்ளி வரும்.

பக்கத்து வீட்டு அக்கா வாத்து முட்டையையோ கின்னிக்கோழி முட்டையையோ கொண்டுவந்து "உன் அடைக்கோழியில வச்சுக் குடேன்" என்பார். அவற்றுக்கு 26 முதல் 28 நாள் ஆகும், கோழி முட்டையோடு கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும். வைப்பதானால் தனியாக வையுங்கள். வைத்தால் அந்தக் குஞ்சு யாருடையது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் வாத்தும் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.

குஞ்சு வந்தபின் எல்லாரும் சொல்லும் ஓர் ஆலோசனை உண்டு: மூன்று நாலு வாரத்தில் குஞ்சைப் பிரித்துவிடு, தாய் சீக்கிரம் முட்டைக்கு வரும் என்று. பண்ணையாக வளர்த்து விற்பவர்களுக்கு அது சரி. வீட்டுக்கு வளர்ப்பவர்கள் பிரிக்காதீர்கள். தாயோடு விட்டால் இரண்டு மூன்று மாதம் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், அதுவரை முட்டையும் இல்லை, அடுத்த அடையும் இல்லை. கோழியே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. குஞ்சும் பருந்துக்குப் பதுங்கவும், எதைத் தின்ன எதை விட என்றும் தாயிடம்தான் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் மட்டும் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

எந்த மாசம் வைப்பது

விற்கும் மாசத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சிறுவிடை நன்றாகத் தேற ஐந்து மாதம் ஆகும். ஆடியில் கோயில் பொங்கலுக்குச் சேவல் தேடுவார்கள். தையில் அடை வைத்தால் மாசியில் பொரித்து ஆடிக்கு ஐந்து மாதச் சேவலாக நிற்கும். தீபாவளிக்கு வேண்டுமானால் சித்திரையில் வையுங்கள். புரட்டாசியில் யாரும் கறி வாங்க மாட்டார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் கோழி வேகாது. அந்த மாதங்களில் விற்கும் வயதுக்கு வரும்படி வைத்தால் விலையும் இல்லாமல் தீனியும் தின்று கூட்டில் தேங்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குஞ்சு எடுப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வரும், கொசுவால் அம்மை வரும். அப்போது படுக்கும் கோழிகளை நான் கூண்டில் வைத்து எழுப்பிவிடுகிறேன்.

சேவல்

பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல். இதை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆறேழு வாரத்தில் கொண்டை சிவந்து தடித்து வருவதை வைத்து அடையாளம் தெரியும். நாலைந்து மாதத்தில் கூவ ஆரம்பித்ததும் ஒன்றையொன்று கொத்தும், பெட்டைகளை ஓயாமல் விரட்டும். பெட்டையின் முதுகில் சிறகு உதிர்ந்து தோல் தெரிகிறது என்றால் சேவல் அதிகம் என்று அர்த்தம். கூவத் தொடங்கிய மாதத்திலேயே மிச்சச் சேவலை வெளியேற்றிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் சேவலையும் வருஷம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் வைக்காமல் வேறு ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். தன் குஞ்சோடு தானே சேர்ந்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு சோனியாக வரும். எண்ணிக்கை கூடாமல் ரத்தம் புதுசாகும்.

சீக்கு

வெள்ளைக் கழிச்சல் எனும் ராணிக்கெட் வந்தால் கூட்டமே போய்விடும். நெருக்கமான கூட்டில் இரண்டு மூன்று நாளில் எல்லாம் தூங்கி விழும், கழுத்து திருகும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வந்தபின் மருந்து கிடையாது. கீழாநெல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது கோழிக்குக் கொஞ்சம் தெம்பு தரும், அதை நம்பித் தடுப்பூசியை விடாதீர்கள்.

பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. நாலாம் வாரம் மறுபடி. எட்டாம் வாரம் சிறகுக்கு அடியில் ஊசி. வளர்ந்த கோழிகளுக்கு வருஷா வருஷம் கால்நடை மருந்தகத்தில் இரண்டு வார முகாம் நடக்கும், பெரும்பாலும் பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்கு முன்னால். இலவசம். அதை விடவே கூடாது. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

சின்னக் கூட்டத்துக்கு ஒரு சங்கடம் என்னவென்றால், மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வரும் அளவில்தான் கிடைக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். எங்கள் தெருவில் ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரே குப்பி வாங்குகிறோம். முதல்நாள் இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு விடியற்காலையில் வீடு வீடாகப் போய்ப் போட்டுவிடுவோம். அதற்கு அடை வைப்பதையும் பேசி வைத்து ஒரே வாரத்தில் வைத்தால் குஞ்சுகள் ஒரே வயதில் வரும். தெருவில் ஒரு வீடு போடாவிட்டாலும் சீக்கு அங்கேதான் நுழையும்.

செத்த கோழியைச் சாக்கடையிலோ குப்பையிலோ எறியாதீர்கள். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

வெளியே போகும் வழி

அடை வைக்கும் அன்றைக்கே குஞ்சு எங்கே போகும் என்று சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் போகும் வழிகள் இவை. வீட்டுக்கறிக்கு மாதம் ஒன்றிரண்டு. பிள்ளைபெற்ற வீட்டுக்கும் காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கும் சாறு வைக்க விடைக்கோழி கேட்டு வருவார்கள், அவர்களுக்கு. சாமிக்கு நேர்ந்தது. அப்புறம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது.

வாரம் நல்ல ஏற்பாடு. தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு ஒரு பெட்டையைக் கொடுத்தேன். கோழி நம்முடையது, வளர்ப்பது அவர், குஞ்சில் ஆளுக்குப் பாதி. நான் என் பாதியையும் அவர் கூட்டிலேயே விட்டு வளர்ந்தபின் சந்தைக்கு எடுத்துக்கொள்கிறேன். என் கூட்டில் இடம் மிஞ்சுகிறது, அவருக்கு முட்டைக்கும் கைச்செலவுக்கும் ஆகிறது. ஆனால் தடுப்பூசிச் செலவு யாருடையது, கீரி பிடித்தால் யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மிஞ்சியது சந்தைக்கு. எங்களுக்கு அய்யலூர்ச் சந்தை, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் வியாபாரம் கலைந்துவிடும். வாங்குகிறவர் கோழியைக் கையில் தூக்கி மதிப்புப் போட்டுத்தான் விலை சொல்வார். அதனால் வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு போங்கள், எடையும் அன்றைய விலையும் தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. முதல்நாள் இரவு வயிறு முட்டத் தீனி போட்டுக் கொண்டுபோகாதீர்கள், வழியில் மூச்சு முட்டும். காலைக் கட்டுவதானால் துணியால் கட்டுங்கள், கயிறு அறுக்கும். தலைகீழாக வண்டியில் தொங்கவிடாமல் கூடையில் வையுங்கள்.

சந்தையில் சும்மா நிற்கும்போது அழகான பெருவிடைச் சேவல் ஒன்று கண்ணில் படும், கையில் விற்ற காசும் இருக்கும். இரண்டு விற்றுவிட்டு மூன்று வாங்கி வருவது அங்கே சாதாரணமாக நடக்கும். வாங்குவதானால் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். விற்காமல் திரும்பி வந்த கோழியை நேராகக் கூட்டில் விடாதீர்கள். நூறு ஊர்க் கோழியோடு அரைநாள் நின்று வந்திருக்கிறது. புதுக்கோழி மாதிரியே இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்து, கழிச்சலோ சளியோ இல்லை என்று பார்த்தபின் சேருங்கள்.